டைரக்டரி சர்வரும் திட்டக் குறிப்பேடும்

முன்னுரை

வீடு கட்டுபவர் முதலில் மனையை அளந்து, வரைபடம் போட்டு, அதன் பின்னரே அஸ்திவாரம் தோண்டுவார். கணிப்பொறி உலகிலும் இதே ஒழுங்கு உண்டு. பலருடைய பெயர், பதவி, தொலைபேசி எண், கடவுச்சொல் முதலியவற்றைக் காத்து வைக்கும் டைரக்டரி சர்வர் என்னும் மென்பொருளை நிறுவும் முன், அதன் நிர்வாகி ஒரு திட்டக் குறிப்பேடு எழுத வேண்டும். அதில் எவையெவை இடம்பெற வேண்டும், ஏன் இடம்பெற வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

டைரக்டரி சர்வர் என்றால் என்ன?

பள்ளி அலுவலகத்திலுள்ள சேர்க்கைப் பதிவேட்டை எண்ணிப் பார்ப்போம். ஒரு மாணவியின் விவரம் அதில் ஒரு முறைதான் எழுதப்படுகிறது. ஆனால் தேர்வு விண்ணப்பம், மாற்றுச் சான்றிதழ் என்று பல முறை எடுத்துப் பார்க்கப்படுகிறது. டைரக்டரி சர்வரும் இத்தகையதே. எழுதுவது குறைவு, படிப்பது மிகுதி. ஓர் அலுவலகத்தில் மின்னஞ்சல், சம்பளக் கணக்கு, நூலகம் எனப் பல மென்பொருள்கள் இருக்கலாம். "உள்ளே வர விரும்பும் இவர் யார்?" என்று அவை யாவும் இந்த ஒரே பதிவேட்டைக் கேட்கின்றன. எனவே இதில் ஒரு பிழை நேர்ந்தால் அது எல்லா இடத்திலும் பிழையாகிவிடும்.

தோன்றிய வரலாறு

1988-ஆம் ஆண்டில் எக்ஸ்.500 என்னும் உலகத் தரம் வெளியாயிற்று. அது மிகவும் கனமானது. சிறிய கணிப்பொறிகளுக்கு ஏற்றதன்று. ஆகவே 1993-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் ஹோவ்ஸும் அவருடன் உழைத்தோரும் எல்.டி.ஏ.பி. என்னும் எளிய முறையை வகுத்தனர். நெட்ஸ்கேப் டைரக்டரி சர்வரை 2004-இல் ரெட் ஹேட் நிறுவனம் வாங்கி, 2005-இல் திறந்த மூல மென்பொருளாக வெளியிட்டது. அதுவே 2009 முதல் '389 டைரக்டரி சர்வர்' என்று வழங்குகிறது. 389 என்பது எல்.டி.ஏ.பி.க்கு ஒதுக்கப்பட்ட போர்ட் எண். இம்மென்பொருளை எவரும் இலவசமாகப் பெறலாம். ஆனால் நம் அலுவலகத்துக்கு ஏற்ற திட்டம் அதனுடன் வருவதில்லை. அதை நாமே தீட்ட வேண்டும்.

குறிப்பேட்டில் எழுத வேண்டியவை

முதலாவது, தகவல் கணக்கெடுப்பு. எந்தெந்த விவரம் தேவை, அதைத் தருபவர் யார், திருத்துபவர் யார், படிப்பவர் யார் என்று அட்டவணை போட வேண்டும். தேவையற்ற விவரத்தைச் சேர்க்காமல் இருப்பதும் திட்டமே.

இரண்டாவது, பெயர் எழுதும் விதி. எல்.டி.ஏ.பி. தரத்தின்படி ஒரு நபரின் பதிவில் முழுப்பெயர், குடும்பப் பெயர் ஆகிய இரண்டும் கட்டாயம். தமிழ் மக்களிலோ குடும்பப் பெயர் இல்லாதவர்களே மிகப் பலர். நாம் தந்தையின் பெயரிலிருந்து தலைப்பெழுத்தை வைத்துக் கொள்கிறோம். விதி எழுதப்படாவிட்டால், ஒருவர் அவ்விடத்தில் தந்தை பெயரை இடுவார். மற்றொருவர் தலைப்பெழுத்தை இடுவார். இன்னொருவர் வெறும் புள்ளி வைப்பார். பிறகு தேடினால் ஆள் அகப்பட மாட்டார். எந்த விதியாயினும் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்.

மூன்றாவது, மரத்தின் அமைப்பு. பதிவுகள் யாவும் வேரும் கிளையுமாக அடுக்கப்படுகின்றன. துறைவாரியாகக் கிளை பிரித்தால், ஒருவர் துறை மாறும் போதெல்லாம் அவரது பதிவையும் இடம் மாற்ற நேரும். அவ்வாறே, பெயரைக் கொண்டு ஒருவரை அடையாளம் காட்டுவதும் தகாது. ஒரே வகுப்பில் இரண்டு மேரிகள் இருப்பதுண்டு. திருமணத்துக்குப் பின் தலைப்பெழுத்தை மாற்றிக்கொள்ளும் பெண்களும் பலர். சேர்க்கை எண் போல என்றும் மாறாத ஓர் எண்ணே சிறந்த அடையாளம்.

நான்காவது, காவல். 389 டைரக்டரி சர்வரில் அனுமதி விதி இல்லாத இடத்தில் சாதாரணப் பயனர் எதையும் படிக்க இயலாது. ஆனால் 'டைரக்டரி மேனேஜர்' என்னும் தலைமைக் கணக்கை எந்த விதியும் தடுக்காது. ஆகவே அதன் கடவுச்சொல் யாரிடம் இருக்கும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். "எல்லோரும் எல்லாவற்றையும் படிக்கலாம்" என்று ஒரே வரியில் அனுமதி எழுதிவிடுவது எளிது. அதனால் ஒரு பெண்ணின் வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் அறியாதவர் கைக்குப் போய்விடும். அவளது பாதுகாப்பு அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது என்பதை மறக்கலாகாது. கடவுச்சொல் கம்பி வழியே செல்லும்போது பிறர் படிக்காதபடி மறையாக்கமும் வேண்டும்.

ஐந்தாவது, நகல். ஒரு சர்வர் பழுதானால் மற்றொன்று பணி செய்யும்படி இரண்டு மூன்று சர்வர்களில் ஒரே தகவலை வைக்கலாம். ஆனால் இது காப்பு நகலுக்கு ஈடாகாது. ஒரு சர்வரில் தவறுதலாக அழித்த பதிவு, சற்று நேரத்தில் மற்றவற்றிலும் அழிந்துவிடும். எனவே தனியே காப்பு நகல் எடுக்கும் நாளையும், அதை மீட்டுப் பார்த்துச் சோதிக்கும் நாளையும் குறிப்பேட்டில் எழுதுவது அவசியம்.

ஏன் எழுத வேண்டும்?

"எல்லாம் என் மனதில் இருக்கிறது" என்று நிர்வாகி கூறலாம். அவர் மாற்றலாகிச் சென்றால், அடுத்து வருபவருக்கு அந்த மனதைத் திறந்து பார்க்க வழியில்லை. செய்த முடிவை மட்டுமன்றி அதன் காரணத்தையும் எழுதி வைத்தால், பின்வருபவர் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று அறிவார்.

முடிவுரை

ஒரு பதிவேட்டில் இருப்பவை வெறும் எழுத்துகள் அல்ல. நம்மை நம்பித் தம் விவரத்தைத் தந்த மனிதர்கள். அந்த நம்பிக்கையைக் காக்கும் முதல் வேலி திட்டக் குறிப்பேடே. வெள்ளம் வருமுன் அணை போடுவது அறிவுடைமை. நாளை நம்மில் எத்தனையோ பேர் இப்பொறுப்பை ஏற்கக்கூடும். அப்போது விசைப்பலகையைத் தொடுமுன் பேனாவை எடுப்போமாக!