இரண்டாவது மோட்டார் வேண்டாம்

அன்புள்ள தங்கைக்கு,

நீ லெகோவில் கட்டிய ரிமோட் கார் தரையில் ஓடுகிறது, பாயில் ஏறினால் திணறுகிறது, வேகமாகத் திருப்பினால் உள்ளே 'டக் டக்' என்று கியர் பல் தாண்டுகிறது. இன்னொரு மோட்டார் வைத்தால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். இதே கேள்வியோடு உன் வயதில் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் பதிலை எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

மோட்டார் ஒருபோதும் தனியாக வராது. உன்னிடம் இருக்கும் லெகோவின் எல் மோட்டார் 42 கிராம். இரண்டாவதாக ஒன்றை வைத்தால் அதைப் பிடித்துக்கொள்ள நாலைந்து பீம், ஒரு கைப்பிடி அளவு இணைப்புப் பின்கள், இரண்டு மோட்டாரின் சுழற்சியையும் ஒரே அச்சுக்குக் கொண்டுவர இன்னும் சில கியர் என்று கூடவே வரும். மின்சாரம் அதிகம் இழுப்பதால் சின்ன பேட்டரி தாங்காது, பெரிய பெட்டி வேண்டும். அதற்கு இடம் தேடி வண்டியின் அடிச்சட்டமான சேசியை நீட்டுவாய். நீட்டிய சேசி நடுவில் தொய்யும். தொய்யாமலிருக்க இன்னொரு வரிசை பீம். எடை இப்படிக் குட்டி போட்டுக்கொண்டே போகும். கடைசியில் இரண்டு மோட்டாரும் தங்கள் சொந்தச் சுமையையே இழுத்துக்கொண்டிருக்கும். பாயில் ஏறும்போது பழையபடி 'டக் டக்'.

இந்தச் சங்கிலியைப் பின்னாலிருந்து பிடி. நூறு கிராம் குறைத்தால் கியர்மேல் விழும் விசை குறைகிறது. பல் தாண்டுவது நிற்கிறது. அதனால் கியரைச் சுற்றி நீ போட்டிருக்கும் கூண்டில் பாதி தேவையில்லாமல் போகிறது. அதையும் கழற்று. இப்போது பேட்டரியைச் சின்னதாக்கலாம். எடை கூடுவது எப்படித் தானாக நடக்குமோ, குறைவதும் அப்படித்தான், முதல் நூறு கிராமை மட்டும் மனசாட்சி இல்லாமல் வெட்ட வேண்டும்.

லெகோவில் எடை ஏன் இவ்வளவு படுத்துகிறது என்றால், இங்கே பேரிங் கிடையாது. டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 1977-ல் கியரும் அச்சும் வைத்த பெட்டிகளை விற்கத் தொடங்கியதிலிருந்து, இன்று டெக்னிக் என்று நாம் அழைக்கும் வரிசை முழுக்க அடிப்படை ஒன்றுதான்: கூட்டல் குறி வடிவப் பிளாஸ்டிக் அச்சு, வட்டமான பிளாஸ்டிக் ஓட்டைக்குள் உரசிக்கொண்டு சுழல்கிறது. மேலே எவ்வளவு எடை அழுத்துகிறதோ அவ்வளவு உராய்வு. நீ ஏற்றும் ஒவ்வொரு அலங்காரத் துண்டுக்கும் அந்த ஓட்டை வரி வசூலிக்கிறது.

ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன்னால் ஒரு சோதனை. மோட்டாரை கியரிலிருந்து பிரித்துவிட்டு, வண்டியைத் தூக்கிப் பிடித்து, பின் சக்கரத்தை விரலால் சுண்டு. அது தாராளமாகச் சுற்றி மெல்ல நிற்க வேண்டும். சட்டென்று நின்றால் குற்றவாளி பெரும்பாலும் புஷ்தான். அச்சு நகராமலிருக்க அதில் செருகுகிற அந்தச் சின்னக் குழலை எல்லோரும் பீமோடு ஒட்ட அழுத்திவிடுகிறார்கள். ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி விடு. அடுத்து, நீ அனுப்பிய படத்தில் ஸ்டீயரிங் மூட்டுகள் எல்லாம் கறுப்பாகத் தெரிகின்றன. கறுப்புப் பின் இறுக்கிப் பிடிப்பதற்காகச் செய்தது, அதன் உடம்பில் மெல்லிய வரம்புகள் இருக்கும், தடவினால் தெரியும். திரும்ப வேண்டிய இடத்தில் வழவழப்பான சாம்பல் பின்னைப் போடு. காசு செலவில்லாமல் கிடைக்கும் குதிரைத்திறன் இது.

பிறகு சமையலறைத் தராசை எடுத்துக்கொள். பேட்டரி பெட்டியிலிருந்து தொடங்கு, ஏனென்றால் பெரும் பாரம் அங்கேதான். அல்கலைன் ஏஏ பேட்டரி ஒன்று ஏறத்தாழ 23 கிராம். ஆறு போட்டால் பெட்டியைச் சேர்க்காமலேயே 140 கிராமுக்குப் பக்கத்தில். டிவி ரிமோட்டில் போடுகிற ஏஏஏ அதில் பாதிதான். வோல்டேஜ் ஒன்றே, ஓடும் நேரம்தான் பாதிக்கும் கீழே குறையும். மிச்சமாகும் எழுபது கிராம் நீ வாங்க நினைத்த மோட்டாரைவிட அதிகம். ரீசார்ஜ் பேட்டரி போட்டால் ஒன்றுக்கு 1.2 வோல்ட், ஆறுக்கு 7.2 தான் வருகிறது என்று கவலைப்படாதே. மோட்டார் திமிறி இழுக்கும்போது அல்கலைனின் 9 வோல்ட் சரிந்துவிடும், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு அவ்வளவு சரியாது.

அடுத்து டிஃபரன்ஷியல். இதைச் சொன்னால் கோபப்படுவாய், உன் வண்டியில் நீ பெருமைப்படும் பாகம் அதுதான் என்று தெரிகிறது. எடுத்துவிடு. பின் சக்கரம் இரண்டில் ஒன்றை மட்டும் மோட்டாரோடு இணை, மற்றது சும்மா உருளட்டும். திருப்பத்தில் இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்றலாம். டிஃபரன்ஷியல் செய்கிற வேலை அவ்வளவுதானே. முழு வேகத்தில் கிளப்பினால் வண்டி கொஞ்சம் ஒரு பக்கம் இழுக்கும். கனமான வண்டியில் இது தொல்லை, அரைக் கிலோவுக்கு உட்பட்ட வண்டியில் கட்டைவிரல் தானாகச் சரிசெய்துகொள்ளும். நான்கு சக்கரத்துக்கும் இழுவை என்ற ஆசையை இப்போதைக்குத் தள்ளிப்போடு.

கியர் விஷயத்தில்தான் உனக்கு நேரம் செலவாகும், ஆகட்டும், சுவாரசியமான இடம் அது. லெகோ கியரில் ஒரு பல்லுக்கு விட்டம் ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள். 24 பல் கியரின் ஆரம் 12 மி.மீ., 8 பல் கியரின் ஆரம் 4 மி.மீ., இரண்டும் கவ்வும்போது அச்சுகளுக்கு இடையே 16 மி.மீ. பீமின் ஓட்டைகள் 8 மி.மீ. தூரத்தில் இருக்கின்றன. ஆக, பற்களின் கூட்டுத்தொகை 32 ஆக இருக்கும் எந்த ஜோடியும் சரியாக இரண்டு ஓட்டை தூரத்தில் உட்காரும்: 16-க்கு 16, 20-க்கு 12, 24-க்கு 8. மோட்டார் அச்சையும் சக்கர அச்சையும் அந்தத் தூரத்தில் ஒருமுறை நிறுத்திவிட்டால், சேசியைப் பிரிக்காமல் கியரை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கலாம்.

எல் மோட்டார் 9 வோல்ட்டில் சுமையில்லாமல் நிமிடத்துக்குச் சுமார் 390 சுற்று சுற்றும். 62 மி.மீ. டயர் ஒரு சுற்றுக்கு இருபது சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக உருளும். சமமான கியரில் மணிக்கு நாலரை கிலோமீட்டர், நாம் நடக்கும் வேகம். மோட்டார் பக்கம் 20, சக்கரப் பக்கம் 12 போட்டால் கணக்குக்கு ஏழரை வரும். 24-க்கு 8 போட்டால் பதின்மூன்றைத் தாண்டும், கணக்கில் மட்டும். தரையில் அது புறப்படவே அடம்பிடிக்கும். நீ இப்போது அதைத்தான் போட்டிருக்கிறாய் என்பது என் ஊகம். 20-க்கு 12-இல் தொடங்கு. கியர் ஜோடியை இரு பக்கமும் பீமால் அடைத்துப் பிடி, கூண்டில் மிஞ்சும் அந்தப் பாதியில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பல் தாண்டுவது கியரின் குற்றமல்ல, அச்சுகள் வளைந்து விலகுவதால் நடப்பது.

உடல் அமைப்புக்கு நகலெடுக்க ஒரு நிஜக் கார் வேண்டுமென்றால் 1957-ல் வந்த லோட்டஸ் செவனைப் பார். அதை உருவாக்கிய காலின் சாப்மன் லண்டனில் கட்டமைப்புப் பொறியியல் படித்தவர். கூரை கிடையாது, உள்ளே ஆடம்பரம் கிடையாது, மெல்லிய குழாய்ச் சட்டத்தின்மேல் அலுமினியத் தகடு. முதலில் வந்ததில் இருந்தது ஃபோர்டின் 1172 சிசி எஞ்சின், 40 குதிரைத்திறன்தான். எடை அரை டன் அளவுதான் என்பதால் அதுவே பறந்தது. அதன் வாரிசான கேட்டர்ஹாம் செவன் 620ஆர் காரை லெகோவே 2016-ல் 771 துண்டுப் பெட்டியாக விற்றது. மோட்டார் இல்லாத, அலமாரியில் வைக்கும் மாடல். அழகுக்கு அதைப் பார், ஆனால் அதன் அடர்த்தியை எடுத்துக்கொள்ளாதே. மூக்கின் வளைவு, இரண்டு மட்கார்டு, தனியாக நிற்கும் விளக்குகள் போதும், மிச்சத்தைப் பார்க்கிறவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும். திறந்து மூடும் கதவு, உள்ளே ஆடும் பிஸ்டன் எல்லாம் செய்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஓடும் வண்டியில் அவை எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

சஸ்பென்ஷன் வேண்டுமா என்றால் வீட்டுக்குள் ஓட்ட வேண்டாம். வைத்தே தீருவேன் என்றால் மஞ்சள் ஸ்பிரிங்கைத் தொடாதே. அது கடினமானது, இந்த எடைக்கு அசையக்கூட அசையாது.

எடையைக் குறைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பின் சக்கரம் வழுக்கும், மொசைக் தரையில் முதலில் தெரியும். பயந்து எதையும் ஏற்றிவிடாதே. பேட்டரி பெட்டியை இரண்டு ஓட்டை பின்னால் தள்ளு. வண்டியில் கனமான ஒற்றைப் பொருள் அதுதான் என்பதால் அதை நகர்த்துவதே ஒரு கருவி. அதிகம் தள்ளினால் முன் சக்கரம் பிடிப்பு இழந்து ஸ்டீயரிங் கேட்காது. அந்த எல்லையைக் கையால்தான் கண்டுபிடிக்க முடியும், நான் எண் சொல்ல முடியாது.

வெயிலில் ரிமோட் வேலை செய்யவில்லை என்று கடைசியில் எழுதியிருந்தாய். அது உன் தப்பல்ல. 2007-ல் வந்த லெகோவின் பவர் ஃபங்ஷன்ஸ் ரிமோட் அகச்சிவப்புக் கதிரில் பேசுகிறது. சூரியன் அதே கதிரைக் கொட்டும்போது ரிசீவருக்குக் காது அடைத்துப்போகும். மாலையில் நிழலில் ஓட்டு, ரிசீவரின் கறுப்புத் தலையை எதுவும் மறைக்காமல் பார்த்துக்கொள். அடுத்து வாங்குவதாக இருந்தால் 2018-ல் வந்த லெகோ புளூடூத் ஹப்பை வாங்கு. ஆறு ஏஏஏ பேட்டரி, இரண்டே இணைப்பு: ஒன்று ஓட்டத்துக்கு, ஒன்று ஸ்டீயரிங்குக்கு. மூன்றாவது மோட்டாரைச் செருக அதில் இடமே கிடையாது.

அன்புடன்,
அண்ணன்