பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார் மேஸ்திரி

கேள்வி: கொல்லிமலை செம்மேட்டில் எங்கள் பழைய ஓட்டு வீட்டின் பின்பகுதியைப் பிரித்து, தளம் போட்டுக் கட்டப் போகிறோம். நாமக்கல் மேஸ்திரி பாதிப் பணத்தை அட்வான்ஸாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, செம்மேடு

பதில்: வேண்டாம். ஆனால் அவர் கேட்பதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் கம்பியும் எம்-சாண்டும் வர வேண்டும். அடிவாரத்து விலை மேலே செல்லாது. அதனால் பொருளை நீங்களே வாங்கி இறக்குங்கள். அவரிடம் கூலி மட்டும் பேசுங்கள். ஆட்கள் வந்து தங்கும் முதல் வாரச் செலவுக்கு அட்வான்ஸ் போதும். மீதியை வேலை முடிய முடியக் கொடுங்கள். கடைசித் தவணை, ஒரு நல்ல மழை பார்த்த பிறகு.

சதுர அடிக் கணக்கு புது வீட்டுக்குச் சரி. பழைய சுவருக்குள் என்ன இருக்கிறதென்று இடித்தால்தான் தெரியும். இடிப்புக்கும் கூடுதல் வேலைக்கும் தனி விலை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், வாய்ப்பேச்சு மலையேறிவிடும்!

வடகிழக்குப் பருவமழையில் ஓட்டைப் பிரிக்காதீர்கள், பொங்கல் கழியட்டும். பி.பி.சி. சிமென்ட் என்றால் தளத்துக்குக் குறைந்தது 10 நாள் தண்ணீர் கட்ட வேண்டும். மேஸ்திரி அதற்குள் கீழே இறங்கியிருப்பார். தண்ணீர் ஊற்றுவது யார் பொறுப்பு என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.