ஓடாத டிராக்டருக்கு என்ன விலை?

போன சித்திரையில் ஒரு தரகர் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். வேப்பமரத்தடியில் ஆறு வருசமாக நிற்கும் டிராக்டரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். டயரைக் காலால் உதைத்தார். "ஓடாத வண்டிக்கு என்னங்க விலை? இரும்பு விலைதானுங்க. நாப்பதாயிரம் தர்றேன், இப்பவே ஏத்திக்கிறேன்" என்றார். கையில் பணக்கட்டு. எனக்கோ மாட்டுக் கொட்டகைக்குக் கூரை போட வேண்டிய அவசரம். சரி என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். "நாளைக்குச் சொல்றோமுங்க" என்று குறுக்கே சொன்னது வீட்டம்மா. அந்த ஒரு நாள் தவணைதான் எங்களைக் காப்பாற்றியது.

இயற்கை வழிக்குத் திரும்பிய பல பேர் தோட்டத்தில் இப்படி ஒரு வண்டி நிற்கிறது. மூடாக்கு போடுகிறோம், பலதானியம் விதைத்து மடக்கி உழுகிறோம், மற்றபடி உழவு குறைந்துவிட்டது. வருசத்துக்கு ரெண்டு மூணு உழவுக்கு வாடகை வண்டியே போதும். சொந்த வண்டி நின்றது நின்றபடி துருப்பிடிக்கிறது. அதை எப்படி விலை போடுவது, எப்படி விற்பது என்று நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். பவர் டில்லர், பழைய ஆயில் இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான்.

ஏன் ஓடவில்லை?

விலை பேசும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். "ஓடல" என்ற ஒரே சொல்லில் ஆயிரம் ரூபாய் வேலையும் இருக்கலாம், லட்ச ரூபாய் வேலையும் இருக்கலாம். பேட்டரி செத்திருக்கும். டேங்கில் தண்ணீர் இறங்கியிருக்கும். டீசல் லைனில் காற்று அடைத்திருக்கும். எலி ஒயரைக் கடித்திருக்கும். இதெல்லாம் சின்ன வேலை.

பெரிய கேள்வி, இன்ஜின் சுற்றுகிறதா, ஜாம் ஆகிவிட்டதா என்பது. நாள்பட நின்ற வண்டியில் பிஸ்டன் ரிங் துருப்பிடித்து லைனரோடு ஒட்டிக்கொள்ளும். இதைப் பார்க்க, பழக்கமான மெக்கானிக்கை வைத்து இன்ஜெக்டர்களைக் கழற்றச் சொல்லுங்கள். அந்த ஓட்டைகள் வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி மூன்று நாலு நாள் ஊற விடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் போட்டு, முன்பக்கப் புல்லியை ஸ்பானர் மாட்டிக் கையால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். செல்ஃப் மோட்டாரைப் போட்டு முறுக்காதீர்கள், உள்ளே எதாவது முறிந்தால் இருக்கிற விலையும் போய்விடும். இன்னொரு வண்டியில் கட்டி இழுப்பதும் வேண்டாம்.

எங்கள் வண்டி நாலாம் நாள் சுற்றியது. ஓடவில்லைதான். ஆனால் "ஜாம்" என்பதற்கும் "கையால சுத்துது" என்பதற்கும் இடையே விலையில் பெரிய தூரம் இருக்கிறது. வாங்க வருகிறவர் கண் முன்னால் சுற்றிக் காட்டலாம் அல்லவா!

விலை மூன்று

ஓடாத வண்டிக்கு மூன்று விலை உண்டு. மூன்றையும் தாளில் எழுதிக்கொண்டுதான் பேச உட்கார வேண்டும்.

முதலாவது, இரும்பு விலை. இதற்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் இறங்கக் கூடாது. 30 முதல் 40 குதிரைத் திறன் டிராக்டர் பொதுவாக 1,700 முதல் 2,000 கிலோ இருக்கும். எடையை வண்டிக்கு வந்த கையேட்டிலும் ஆர்.சி. புத்தகத்திலும் பாருங்கள். டயர், சீட்டு போன்றவற்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். பின் டயரில் பாரத்துக்காகத் தண்ணீர் நிரப்பியிருந்தால் அதுவும் எடையில் சேராது. பழைய இரும்பு விலை வாரத்துக்கு வாரம் மாறும். அதனால் விற்கும் வாரத்திலேயே மூன்று கடையில் கேளுங்கள்.

இரண்டாவது, பாக விலை. இன்ஜின் போனாலும் கியர் பாக்ஸ், கிரவுன்-பினியன், ஹைட்ராலிக், டீசல் பம்ப், முன் ஆக்சில், ரிம்மோடு டயர், ரேடியேட்டர் இவையெல்லாம் இரும்பு விலைக்குப் போகிற பொருள் இல்லை. அதே மாடல் வண்டி இன்னும் உங்கள் பக்கம் ஓடிக்கொண்டிருந்தால் பாகத்துக்குத் தேவை இருக்கும். கம்பெனி அந்த மாடலை நிறுத்தி நாளாகிவிட்டது, ஊரில் வண்டி மட்டும் ஓடுகிறது என்றால் மெக்கானிக்குகள் தேடி வருவார்கள்.

மூன்றாவது, ஓட்ட விலையிலிருந்து கழித்து வருவது. அதே மாடல், அதே வருசத்து வண்டி ஓடும் நிலையில் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரியுங்கள். அதிலிருந்து ரிப்பேர் செலவு, ஏற்றுக்கூலி, வாங்குகிறவரின் லாபமும் பயமும், இவற்றைக் கழியுங்கள். பயத்துக்கு ஏன் விலை என்று கேட்கலாம். இன்ஜினைப் பிரித்த பிறகுதானே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்? அந்தச் சந்தேகத்தை வாங்குகிறவர் தலையில் சுமக்கிறார், அதற்கு விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

எங்கள் வண்டிக்கு நாங்கள் போட்ட கணக்கு இது. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்.

மொத்த எடை 1,800 கிலோ. கழிவு போக இரும்பு 1,500 கிலோ. கிலோ 30 ரூபாய் என்று வைத்தால் 45,000 ரூபாய். ஆக, தரகர் சொன்ன நாற்பதாயிரம் இரும்பு விலைகூட இல்லை!

ஓடும் நிலையில் அந்த மாடல் 2,00,000 போகும் என்றார்கள். இன்ஜின் வேலைக்கும் பின் டயருக்கும் சேர்த்து 80,000, ஏற்றுக்கூலி 5,000, வாங்குகிறவர் லாபத்துக்கும் பயத்துக்கும் 30,000. ஆகக் கழிவு 1,15,000. மீதி 85,000.

அப்போது நம் பேரம் 45,000-க்கும் 85,000-க்கும் நடுவில். 90,000 சொல்லி ஆரம்பித்தோம். "அறுபத்தஞ்சுக்குக் கீழ வந்தா நிக்கட்டும்" என்று வீட்டுக்குள் முடிவு செய்துகொண்டோம். அடிவிலையை முன்கூட்டியே வீட்டில் பேசி வைத்துக்கொள்வது முக்கியம். பணக்கட்டைப் பார்த்த பிறகு அந்த முடிவை எடுக்க முடியாது.

பாகம் பாகமாக விற்றால் கூடுதலாகக் கிடைக்குமே என்று தோன்றும். கிடைக்கும், ஆனால் பிரிக்க ஆள் கூலி, மாதக்கணக்கில் காத்திருப்பு, கடைசியில் யாரும் வாங்காத எலும்புக்கூடு தோட்டத்தில். மெக்கானிக் வேலை தெரிந்தவருக்குத்தான் அது சரிப்படும். ஆனால் ஒன்று செய்யலாம். ஒன்பது கொத்துக் கலப்பை, சட்டிக் கலப்பை, கேஜ் வீல், டிரெய்லர் இவற்றை வண்டியோடு சேர்த்துக் கொடுக்காமல் தனித்தனியாக விலை பேசுங்கள். பழைய மோட்டார் இருந்தால் இரும்போடு சேர்த்து எடை போட விடாதீர்கள். உள்ளே செம்புக் கம்பிச் சுற்று இருந்தால் அதன் கிலோ விலை இரும்பைப் போலப் பல மடங்கு.

யாரிடம், எப்போது

வண்டியைப் பார்த்து விலை சொல்லும் மெக்கானிக்கும் வாங்குகிற ஆளும் ஒருவராக இருக்கக் கூடாது. குறைந்தது மூன்று பேர் விலையைக் கேளுங்கள். பாகத்துக்கு வாங்கும் பட்டறைக்காரர், சரிசெய்து ஓட்ட நினைக்கும் விவசாயி, இரும்புக் கடைக்காரர் என்று மூன்று வகை ஆளையும் கேட்பது நல்லது. ஆடிப்பட்டத்துக்கு உழ நினைப்பவர் சித்திரை, வைகாசியிலேயே வண்டி தேடுவார், ரிப்பேருக்கு நாள் வேண்டுமே.

மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் கழுவி விடுங்கள். பெயின்ட் அடிக்காதீர்கள். புதுப் பெயின்டைப் பார்த்தால் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். தெரிந்த குறையை நீங்களே முதலில் சொல்லுங்கள். பின்னால் வரும் சண்டை குறையும்.

புத்தகம் சரியாக இருக்கிறதா?

எங்களுக்குத் தெரிந்த ஒருவர் பழைய டிராக்டரைக் கைமாற்றிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டார். பெயர் மாற்றவில்லை. வாங்கியவர் அதைச் சரிசெய்து ஓட்டினார். ரெண்டு வருசம் கழித்து ஒரு விபத்து. இழப்பீட்டு வழக்கில் நோட்டீசு வந்தது பழைய உரிமையாளர் வீட்டுக்கு. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், வண்டியைக் கைமாற்றிவிட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எண்பதாயிரத்துக்கு விற்ற வண்டி நிலத்தையே கேட்கும் நிலை வரலாம்.

ஆகவே ஓட்டுவதற்கு வாங்குகிறார் என்றால் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்தாகி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். கடன் கட்டி முடித்தும் புத்தகத்தில் வங்கியின் பெயர் அப்படியே இருக்கும். வங்கியில் தடையில்லாக் கடிதமும் படிவம் 35-ம் வாங்கி அதை நீக்குங்கள். வண்டி இறந்துபோன அப்பா பெயரில் இருந்தால் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றிவிட்டுத்தான் விற்க வேண்டும். டிரெய்லருக்குத் தனிப் புத்தகம் உண்டு, அதை மறக்காதீர்கள்.

இரும்புக்குப் போகிற வண்டிக்கும் இது பொருந்தும். இனி ஓட வழியில்லாத வண்டி என்று 14 நாளுக்குள் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்து, ஆர்.சி.யை ஒப்படைத்துப் பதிவை நீக்கச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கி வையுங்கள்.

ஏற்றும் நாளில்

பணம் முழுவதும் கைக்கு வந்த பிறகுதான் வண்டி நகர வேண்டும். எடைக்கு விற்றால் லாரி கூடவே எடை மேடைக்குப் போய், வெறும் வண்டி எடை, பார எடை இரண்டுக்கும் சீட்டு வாங்குங்கள். தோட்டத்துக்குள் கேஸ் வைத்து வெட்ட விடாதீர்கள். தெறிக்கும் இரும்புத் துண்டு நாளைக்கு மாட்டின் குளம்பில் ஏறும். இன்ஜின் ஆயில், கியர் ஆயிலை முன்கூட்டியே கேனில் வடித்துவிடுங்கள், வரப்பிலும் வாய்க்காலிலும் ஊற்ற வேண்டாம். பேட்டரியில் ஈயமும் அமிலமும் இருக்கிறது, அதைப் பேட்டரிக் கடையிலேயே தனியாகக் கொடுங்கள்.

எங்கள் வண்டி வைகாசியில் 76,000 ரூபாய்க்குப் போனது. பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் சரிசெய்து ஓட்ட வாங்கினார். கொட்டகைக்குக் கூரை போட்டாயிற்று. வண்டி நின்ற இடத்தில் ஒரு முழ ஆழத்துக்கு மண் கறுத்து, ஆயில் நாற்றம் அடித்தது. அந்த மண்ணை எருக்குழியில் போடாமல் தனியாக அள்ளி மூட்டை கட்டி வைத்திருக்கிறோம். ஆறு வருசம் முன்னாலேயே விற்றிருந்தால் விலையும் கூடியிருக்கும், மண்ணும் கெட்டிருக்காது.

உங்கள் தோட்டத்தில் ஒரு வண்டி நிற்கிறதா? இன்றைக்கே பெட்டியைத் திறந்து ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். யார் பெயரில் இருக்கிறது, எந்த வங்கியின் பெயர் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். தரகர் வருவதற்குள் அந்த வேலை முடிந்திருக்கட்டும்.