ஊதின கேஸ் இருக்கா தம்பி? ஏஜென்ட்டைப் பார்க்குறதுக்கு முன்னாடி இதைப் படி

ஹெவி லைசென்ஸ் கையில இருக்கு. வெளிநாட்டுல டிரெய்லர் ஓட்டப் போகணும்னு ஆசையும் இருக்கு. நடுவுல ஒரு முள்ளு: எப்பவோ ஹைதராபாத்ல ராத்திரி நேரத்துல போலீஸ் நிறுத்தி, மிஷின்ல ஊதச் சொல்லி, வண்டியைப் பிடிச்சு வச்சு, நாம்பள்ளி கோர்ட்ல நீ ஃபைன் கட்டின டிரங்க் அண்ட் டிரைவ் கேஸ். "அது முடிஞ்சு போச்சுக்கா"ம்பே. உனக்கு முடிஞ்சுது. விசா ஆபீசர் இனிமேதான் அதைப் படிக்கப் போறார்.

முதல்ல காகிதத்தைச் சேரு. கோஷாமஹால் டிராஃபிக் டிரெய்னிங் இன்ஸ்டிட்யூட்ல வீட்டு ஆளோட உட்கார்ந்து கேட்ட கவுன்சலிங் மறந்து போயிருக்கலாம். தீர்ப்போட சர்டிஃபைட் காப்பியும் ஃபைன் கட்டின ரசீதும் உன்கிட்ட இருந்தாகணும். சின்ன கேஸ் கட்டுகளைச் சில வருஷத்துல கோர்ட்ல கழிச்சுடுவாங்க, அதனால தள்ளிப் போடாதே. கட்டே இல்லேன்னு சொன்னா, அதையும் எழுத்துல வாங்கிக்கோ. அப்புறம் உன் பேரைப் பாரு. நம்ம ஆளுங்களுக்கு இனிஷியல்தான். கோர்ட் காகிதத்துல ஒரு மாதிரியும் பாஸ்போர்ட்ல அப்பா பேரோட வேற மாதிரியும் இருந்தா, ரெண்டும் ஒரே ஆள்தான்னு அஃபிடவிட் போட்டு வச்சுடு.

இதுல ரொம்ப முக்கியமானது, நீ ஊதினப்போ மிஷின்ல இருந்து வந்த சீட்டு. ஏன்னு சொல்றேன். மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவுப்படி 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் தாண்டினாலே இங்கே குற்றம். கனடாவுல கோடு 80 மில்லிகிராம்ல இருக்கு. வெளிநாட்டுல வந்த தண்டனையை அவங்க தங்களோட சட்டத்துக்குப் பக்கத்துல வச்சுத்தான் அளப்பாங்க. உன் சீட்டுல 45-னு இருந்தா, "இது உங்க ஊர்ல குற்றமே இல்லை"ன்னு உன் வக்கீல் வாதாட ஒரு வழி இருக்கு. வண்டி தாறுமாறா ஓடினதுன்னு கேஸ்ல எழுதியிருந்தா அந்த வழி அடைபடலாம். 150-னு இருந்தா பேச்சே இல்லை. அந்தச் சீட்டு பஸ் டிக்கெட் மாதிரி வெளுத்துப் போற காகிதம். இன்னிக்கே ஜெராக்ஸ் எடு.

கனடாவுல ஒரு தேதி முக்கியம்: 2018 டிசம்பர் 18. அன்னிக்கு இருந்து குடிச்சிட்டு ஓட்டுறதை அவங்க பெரிய குற்றமாக்கிட்டாங்க, உச்ச தண்டனை 10 வருஷம். அதுக்கு முன்னாடி நடந்த ஒரே ஒரு கேஸ், தண்டனை முடிஞ்சு 10 வருஷமும் ஆச்சுன்னா, பெரும்பாலும் தானாவே கழிஞ்சதா எடுத்துக்குவாங்க. அதுக்குப் பிந்தைய கேஸ் தானா கழியாது. தண்டனை முழுக்க முடிஞ்சு 5 வருஷம் ஆனப்புறம் மறுவாழ்வு விண்ணப்பம் போடணும். இது நம்ம நாட்டு ஆளுக்கு மட்டும் வச்ச வேலி இல்லை. அமெரிக்க டிரைவர்களையே பழைய கேஸுக்காகக் கனடா எல்லையில திருப்பி அனுப்பறாங்க.

டொரான்டோ பக்கம் வேலை கிடைச்சா, லோடு எல்லை தாண்டி அமெரிக்காவுல டெட்ராய்ட்டுக்கும் போகும். அமெரிக்காக்காரன் சாதாரண கேஸ் ஒண்ணே ஒண்ணுக்காகப் பொதுவா கதவைச் சாத்த மாட்டான். ஆனா விசா ஃபார்ம்ல கைது பத்திக் கேள்வி இருக்கு. கேஸ் புதுசா இருந்தா டாக்டர்கிட்ட அனுப்பவும் செய்வாங்க. லாரிக்காரங்களை எல்லையில சீக்கிரம் விடுற ஃபாஸ்ட் கார்டும் இந்தக் கேஸ் இருந்தா கிடைக்கிறது கஷ்டம். வேலை பேசும்போதே கம்பெனிகிட்ட இதைச் சொல்லிடு.

வளைகுடா கதை வேற. அங்கே பழைய கேஸைவிட புதுக் கேஸுக்குத்தான் பயப்படணும். பஹ்ரைன்ல பார் இருக்கு. 25 கிலோமீட்டர் கிங் ஃபஹத் பாலம் தாண்டினா சவூதி. பாலத்துக்கு இந்தப் பக்கம் குடிச்சிட்டு அந்தப் பக்கம் ஸ்டியரிங் பிடிக்கலாம்னு நினைக்கவே நினைக்காதே. அமீரகத்துல 2025 மார்ச்ல வந்த புதுச் சட்டத்துல குடிச்சு ஓட்டினா அபராதம் 20,000 திர்ஹாம்ல ஆரம்பிச்சு ஒரு லட்சம் வரைக்கும் போகுது. ஜெயிலும் உண்டு. நீ அனுப்பற சம்பளத்தை நம்பி இங்கே ஒரு வீடு இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ.

பாஸ்போர்ட் பத்திப் பயப்படாதே. ஃபைனோட முடிஞ்ச கேஸுக்குப் பாஸ்போர்ட்டை மறுக்க மாட்டாங்க. கோர்ட்டுக்கே போகாம டிமிக்கி குடுத்திருந்தா அது வேற விஷயம். கேஸ் நிலுவையில இருக்கறவனுக்கு மறுக்கலாம்னு பாஸ்போர்ட் சட்டத்துலயே இருக்கு. கோர்ட் அனுமதி வாங்கினாத்தான் நகரும். அதைவிடக் கேஸை முடிச்சுடறது சுலபம். அப்புறமா செகந்திராபாத் பாஸ்போர்ட் ஆபீஸ் மூலமா பிசிசிக்கு, அதாவது போலீஸ் கிளியரன்ஸ் சர்டிஃபிகேட்டுக்கு, விண்ணப்பி.

"கேஸ் இல்லைன்னு போட்டுடலாம் தம்பி, யார் பார்க்கப் போறா"ன்னு ஏஜென்ட் சொல்லுவான். ஃபார்ம்ல கையெழுத்து உன்னுது, அவனுது இல்லை. கனடாவுல பொய் சொன்னது தெரிஞ்சா 5 வருஷத் தடை. உண்மையைச் சொல்லியிருந்தா ஆபீசரே மன்னிச்சிருக்கக்கூடிய கேஸா இருந்தாலும் அந்தத் தடை நிற்கும். ஏஜென்ட்டுக்கு அரசாங்கப் பதிவு எண் இருக்கான்னு இ-மைக்ரேட் தளத்துல பாரு. சர்வீஸ் சார்ஜா அவன் வாங்கலாம்னு இருக்கறது 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். லட்சக்கணக்குல கேட்டா எழுந்து வந்துடு.

இந்த வாரம் ஒரு நாள் லீவு போட்டு நாம்பள்ளிக்குப் போ. அட்வான்ஸ் கொடுக்கறதெல்லாம் அந்தக் காப்பி கைக்கு வந்தப்புறம் பார்த்துக்கலாம்.