வலி என்னும் காவற்காரன்



சில மாதங்களுக்கு முன் நமது தோல்நோய்ப் பிரிவில் ஒரு தாயாரைச் சந்தித்தேன். சோறு வடிக்கையில் கை வெந்து, புண் பழுத்த பின்னரே வந்திருந்தார்கள். அதே கையில் வெளிறிய தேமல் ஒன்று இரண்டு வருஷமாக இருந்ததாம். "வலிக்கவில்லையே ஐயா, அதனால்தான் வரவில்லை" என்றார்கள். டாக்டர் அவர்களைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சினால் தேமலைத் தொட்டார். அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அது தொழுநோய்.

வலியில்லாமையே இந்நோயின் பெரிய ஆபத்து என்பதை ஆராய்ந்து விளக்கியவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவர்; 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தோல்நோய் நிபுணர் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே விரல்கள் மடங்கிப்போன ஒருவரிடம் பிராண்ட் தம் கையை நீட்டி, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். தளர்ந்த பிடியை எதிர்பார்த்தவருக்குக் கை வலித்தது! அந்தக் கையில் இன்னும் நல்ல தசைகள் இருந்தன. அவற்றின் தசைநாண்களை மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் சிகிச்சை வேலூரில் வளர்ந்தது.

ஆனால் விரல்கள் ஏன் குறைந்து போகின்றன? சதை தானாக அழுகி விழுகிறது என்றே அந்நாளில் பலரும் நம்பினர். ஒருநாள் துருப்பிடித்த பூட்டை பிராண்டால் திறக்க முடியவில்லை. நோயாளியான ஒரு சிறுவன் சாவியை வாங்கி எளிதாகத் திருப்பினான். அவன் விரலிலிருந்து இரத்தம் சொட்டியது. எலும்பு தெரியும்படி வெட்டுப்பட்டிருந்தும் அவன் அதை அறியவில்லை. நோயாளிகளின் ஒவ்வொரு காயத்தையும் கவனித்து ஆராய்ந்தபோது உண்மை தெளிவாயிற்று. கிருமி நரம்புகளைக் கெடுக்கிறது. உணர்வு போனபின், சூடும் முள்ளும் பொருந்தாத செருப்பும் கை கால்களைச் சிதைக்கின்றன. வலி நம் சத்துரு அல்ல, தேவன் சரீரத்தில் வைத்த காவற்காரன்.

இதிலிருந்து நாம் கற்கவேண்டியவை:

1. உணர்ச்சியற்ற தேமல் எங்கே கண்டாலும் தாமதமின்றிக் காட்டவேண்டும். கூட்டு மருந்து அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். நோயின் வகைக்கேற்ப 6 அல்லது 12 மாதம் உட்கொள்ளவேண்டும். கிருமி ஒழிந்தாலும், நாள்பட்டுக் கெட்ட நரம்பில் உணர்வு திரும்புவது அரிது.

2. உணர்வு குறைந்தவர்கள் கை கால்களைத் தினமும் கண்ணால் பார்த்துச் சோதிக்கவேண்டும்.

3. நோயாளியை ஒதுக்கவேண்டாம். மருந்து தொடங்கியபின் பிறருக்குத் தொற்றும் நிலை விரைவில் நீங்கிவிடும்.

அந்தத் தாயார் முதலில் கேட்டது தன் கையைப்பற்றி அல்ல. "பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம், வெளியே தெரிந்துவிடுமா ஐயா?" என்றே கேட்டார்கள். மரத்துப்போனது அவர்கள் கை மட்டுமா? ஓர் அவயவம் பாடுபட்டால் மற்றவையும் கூடப் பாடுபடும் என்று பவுல் அப்போஸ்தலன் எழுதினார். பிறர் நோவை உணராத சபையும் உணர்விழந்த சரீரமே. நம் ஆண்டவரோ குஷ்டரோகியைத் தூர நின்று அல்ல, கைநீட்டித் தொட்டுச் சுகமாக்கினார்.

இன்று அந்தத் தாயார் தவறாமல் மருந்து சாப்பிடுகிறார்கள்; கைத்துணியில்லாமல் பானையைத் தொடுவதில்லை. அவர்களுக்காகவும் அவர்கள் மகளுக்காகவும் உங்கள் ஜெபங்களில் நினைத்துக்கொள்ளுங்கள்.