எடையும் இடையும்

புகைவண்டி நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் எடை பார்க்கும் பொறியை நாம் கண்டிருக்கிறோம். அதன்மீது ஏறி நின்ற ஒருவர், குறைந்த எண்ணைக் கண்டவுடன் தம் உடலைப்பற்றிய கவலையை அங்கேயே விட்டு இறங்கிவிடுகிறார். அப்பொறி பொய் கூறுவதில்லை. ஆயினும் அஃது உடலின் மொத்த எடையைக் கூறுமேயன்றி, அவ்வெடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று கூறாது.

இவ்வுண்மையை மருத்துவ அறிஞர் இருவர் தம் உடல்களையே சான்றாக்கி விளக்கினர். புனே நகரில் நீரிழிவு நோயை ஆராயும் சித்தரஞ்சன் யாஜ்னிக் ஒருவர்; லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின் மற்றவர். 2004ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் இருவர் படமும் வெளிவந்தது. கிலோகிராமில் அளந்த எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறைக் குறியீட்டெண். இருவர்க்கும் அவ்வெண் 22.3. ஆனால் எக்ஸ் கதிர்க் கருவியால் ஆராய்ந்தபோது, யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடும், யாஜ்னிக் உடலில் 21.2 விழுக்காடும் இருக்கக் கண்டனர்! யுட்கின் மாரத்தான் ஓட்டம் ஓடுபவர். யாஜ்னிக் செய்யும் உடற்பயிற்சியோ, காலைதோறும் மருத்துவமனையின் மின்தூக்கிக் கதவு மூடுமுன் ஓடிச்சென்று ஏறுவதே என்று அக்குறிப்பு நகைச்சுவையுடன் கூறுகிறது.

யாஜ்னிக் எடை குறைந்த குழந்தையாகப் பிறந்தவர் என்பதும் அதில் உண்டு. இது சிறு செய்தியன்று. புனேயை அடுத்த சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளை, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரக் குழந்தைகளோடு அவரும் பிறரும் ஒப்பிட்டனர். முன்னவர் சராசரி எடை 2.7 கிலோகிராம்; பின்னவர் எடை 3.5 கிலோகிராம். புனேக் குழந்தைகளின் தசையும் உள்ளுறுப்புகளும் சிறுத்திருந்தன. தோலடிக் கொழுப்போ அந்த அளவிற்குக் குறையவில்லை. மெலிந்த உடலில் கொழுப்பு மிகுவதற்குக் கருவிலேயே வித்து ஊன்றப்படலாம் என்று இதனால் கருதுகின்றனர்.

கொழுப்பு நமக்குப் பகையன்று. பசிக்காலத்திற்கு உதவும் சேமிப்பு அது. குதிரில் இருக்கும் நெல் குடும்பத்திற்குச் செல்வம். குதிர் நிரம்பி, அந்நெல் அடுக்களையிலும் நடைவழியிலும் கொட்டிக் கிடந்தால் வீட்டில் வேலை நடவாது. தோலின் அடிப்புறமே உடலின் குதிர். அங்கு இடம் போதாதபோது, கொழுப்பு குடலைச் சுற்றியும், கல்லீரலினுள்ளும், தசை இழைகளிலும் சென்று தங்குகிறது. குடலைச் சூழ்ந்த கொழுப்பிலிருந்து வெளிப்படும் கொழுப்பு அமிலங்கள், சிரையின் வழியே நேரே கல்லீரலை அடைகின்றன. கையால் கிள்ளிப் பார்க்கக் கூடாத இக்கொழுப்பே பெருந்தீங்கு விளைப்பது.

இனித் தசையின் தொழிலைக் காண்போம். உணவு உண்டபின் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. அதன் ஏவலால் சர்க்கரையைப் பெரும் அளவில் ஏற்றுக்கொள்வது தசையே. உழைப்பின்றிக் கொழுப்பேறிய தசை அவ்வேவலுக்கு எளிதில் இணங்குவதில்லை. கணையம் மேன்மேலும் சுரந்து, ஒருநாள் ஈடுகொடுக்க இயலாமற் போகிறது. "ஒல்லியான எனக்கா நீரிழிவு?" என்று திகைப்பவர் பலர். அவர் சட்டையின் அளவு மாறியிராது. தசை இளைத்த இடத்தைக் கொழுப்பு நிரப்பியிருக்கும்.

வியப்பான செய்தி ஒன்று: நெடுந்தொலைவு ஓடுவோர் தசைகளிலும் கொழுப்பு மிகுதியாகவே உண்டு. ஆனால் அது நாள்தோறும் எரிந்து, மீண்டும் நிரம்புவது, தேங்கிக் கிடப்பதன்று. மேலும், இயங்கும் தசை இன்சுலினை எதிர்பாராமலும் சர்க்கரையை ஈர்க்க வல்லது. உண்டபின் சிறிது நேரம் நடப்பதன் பயன் இதுவே.

எக்ஸ் கதிர்க் கருவி எல்லார்க்கும் கிட்டாது. தையற்காரரின் அளவு நாடா கிட்டும். விலாவின் கீழ் எலும்பிற்கும் இடுப்பெலும்பிற்கும் நடுவே, இயல்பாக மூச்சுவிட்ட நிலையில் அளத்தல் வேண்டும். வயிற்றை உள்ளிழுத்தல் கூடாது. தெற்காசிய ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரும் மகளிர்க்கு 80 சென்டிமீட்டரும் எல்லையாகக் குறிக்கப்பட்டுள்ளன. இவை வளர்ந்தோர்க்கு உரியவை. உங்களைப் போன்ற வளரும் பருவத்தினர்க்கு வயதிற்கேற்ற அட்டவணைகள் வேறு உண்டு.