கை நிற்கவேண்டிய இடம்

ஆரம்பாக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நீ வேலைக்குச் சேர்ந்திருக்கும் பட்டறையிலிருந்து எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. வெர்டிகல் வெல்டிங்கில், அதாவது நிமிர்ந்து நிற்கும் பிளேட்டில், ராடைப் பிறைபோல் ஆட்டுவதா, முக்கோணமாக ஆட்டுவதா, இசட் எழுத்தைப்போல் இழுப்பதா என்று கேட்டிருக்கிறாய். பட்டறையில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள் என்றும், செல்போனில் பார்க்கும் படங்கள் வேறொன்றைக் காட்டுகின்றன என்றும் குழம்பியிருக்கிறாய். இந்தக் கேள்வியை எத்தனையோ பிள்ளைகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்; கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிறிது விசனமே உண்டாகிறது. கை எப்படி ஓடவேண்டும் என்பதைப் பற்றி இவ்வளவு பேர் இவ்வளவு சிரத்தையாக விசாரிக்கிறார்களே, கை எங்கே நிற்கவேண்டும், எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்று ஒருவராவது விசாரிக்கவில்லையே என்பதுதான் என் குறை.

ஆர்க் எப்படிப் பிறக்கிறது, எர்த் எங்கே மாட்டவேண்டும் என்பவையெல்லாம் ஐ.டி.ஐ.யில் நீ படித்துத் தேறியவை. அவற்றைத் திரும்பச் சொல்லி உன் பொழுதைப் போக்கமாட்டேன். ஆனால் ஒன்றை யோசித்துப் பார். நிமிர்ந்து நிற்கும் தூணின்மேல் உருக்கிவிட்ட இரும்பு, 1538 டிகிரியில் உருகித் திரவமாகி, தண்ணீரைப்போல் ஏழு மடங்கு கனமுள்ளதாய் இருந்தும், ஏன் வழிந்து உன் காலடியில் விழுவதில்லை? உருகிய இரும்பின் மேற்பரப்பிலுள்ள இழுவிசை தண்ணீருக்கு உள்ளதைவிட 20 மடங்குக்கும் மேலானது. அது குழம்பை ஒரு தோல்போலச் சுற்றிப் பிடித்திருக்கிறது. ஆர்க்கின் வேகமும் அதைப் பிளேட்டை நோக்கி அழுத்துகிறது. ராடின் பூச்சு உருகி மேலே படிந்து சீக்கிரம் உறையும் ஸ்லாக் ஓரளவு தாங்குகிறது. இவை யாவும் இருந்தும், அடியிலே தாங்குவதற்கு ஏற்கெனவே உறைந்த ஒரு திண்ணை இல்லாவிட்டால் குழம்பு தொங்கிவிடும். கீழிருந்து மேலே ஏறுகிற வெல்டர் செய்கிற காரியம் முழுவதும் அந்தத் திண்ணையைக் கட்டுவதுதான். ஒரு வரிசைச் செங்கல் நின்ற பிறகே கொத்தனார் அடுத்த வரிசையை அதன்மேல் வைப்பதுபோல, உறைந்ததன்மேல் உருகியதை வைத்து, அது உறையும்வரை பொறுத்து, மறுபடியும் வைக்கிறான். உறைவதற்கு வேண்டிய காலத்தைக் கொடுக்கத் தெரிந்தவனே வெர்டிகல் தெரிந்தவன் என்பது என்னுடைய உறுதியான அபிப்பிராயம். இதை யார் மறுத்தாலும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அந்தக் காலத்தை எங்கே கொடுப்பது? இரண்டு ஓரங்களிலும் கொடு, நடுவிலே கொடுக்காதே. காரணம் சொல்கிறேன். ஓரத்தில் ஆர்க் முதலில் பிளேட்டின் விளிம்பை உருக்கிச் சிறு பள்ளம் பறிக்கிறது; அந்தப் பள்ளத்தை ராடிலிருந்து வரும் உலோகம் நிரப்புவதற்குள் நீ அவசரப்பட்டு அப்பால் போய்விட்டால், பள்ளம் பள்ளமாகவே உறைந்துவிடும். அதற்குத்தான் பட்டறையில் அண்டர்கட் என்று பேர். நடுவிலோ பறிப்பதற்குப் பிளேட்டு இல்லை. அங்கே இருப்பது இப்போதுதான் நீ போட்டுச் சிவந்திருக்கும் உலோகம். அங்கே தாமதித்தால் சூடு சேர்ந்து, குழம்பு வயிறு தள்ளி, கடைசியில் துளியாகச் சொட்டும். ஆகவே இடது ஓரத்தில் நில், நடுவை விரைந்து கட, வலது ஓரத்தில் நில். ஒவ்வொரு கடப்பிலும் ராடின் கம்பிக் கனத்தில் பாதியளவு மேலே ஏறு. இவ்வளவையும் சரியாகச் செய்பவன் கை பிறையாகப் போனாலும் இசட்டாகப் போனாலும் கிடைக்கிற வெல்டு ஒன்றேதான். வேரோட்டத்தில், அதுவும் ஃபில்லெட் என்னும் மூலை வெல்டின் உள்மூலையில், ஆர்க்கை உள்ளே கொண்டுபோய்த் தொட்டுவிட்டு வரும் முக்கோணத்துக்கு ஒரு பிரயோஜனம் உண்டு. மற்ற இடங்களில் அது வெறும் ருசியைப் பொறுத்தது.

எவ்வளவு நேரம் நிற்பது என்று நீ கேட்பாய். ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. அடியில் தொடங்கும்போது பிளேட் குளிர்ந்திருக்கும். ஒரு சாண் ஏறுவதற்குள் அதே பிளேட் சூடேறிவிடும். எண்ணிக்கை மட்டும் மாறாமல் இருந்தால் கீழே போதாமலும் மேலே மிஞ்சியும் போகும். எண்ணாதே, பார். கண்ணாடிக்குள் ஆர்க்கின் ஜ்வலிப்பைப் பார்த்துக்கொண்டிராமல், குழம்பு பிளேட்டைத் தொடுகிற மேல்மூலையைப் பார். ஆர்க் ஓரத்துக்கு வந்ததும் அங்கே நகக்கண் அளவுக்கு ஒரு கருத்த வளைவு தோன்றும். அதுதான் பறிக்கப்பட்ட பள்ளம். பளபளப்பான உலோகம் கீழிருந்து ஏறி அந்த வளைவை மூடும். மூடிய மறுகணமே புறப்படு. சில இடத்தில் அது நொடிப்பொழுதில் மூடும். சில இடத்தில் நீ பொறுக்க மாட்டாதபடி தாமதிக்கும். எத்தனை தாமதித்தாலும் அது மூடாமல் நீ நகரக்கூடாது. மேலே போகப்போகக் குழம்பு பெரிதாகி, திண்ணை சரியத் தொடங்கினால், ஆர்க்கை அணைத்துவிட்டுப் பிளேட்டை ஆறவிடு. பிடிவாதமாக மேலே ஏறிப் பயனில்லை.

இப்போது உன் பட்டறையில் பெரியவர் ஒருவர் சொல்வதாக நீ எழுதியிருக்கும் உபதேசத்துக்கு வருகிறேன். 7018 என்ற எண்ணுள்ள ராடைக் குழம்பிலிருந்து எடுத்து மேலே தூக்கி, ஆறவிட்டு, மறுபடி கொண்டுவந்து வைக்கவேண்டும் என்கிறாராம். அவருடைய அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது 6010 ராடின் அனுபவம். அந்த ராடின் பூச்சில் செல்லுலோஸ் இருக்கிறது. அது எரிந்து ஏராளமான வாயுவைக் கிளப்புவதால் ஆர்க்கை நீட்டினாலும் குழம்புக்குக் காவல் இருக்கும். 7018-இன் பூச்சோ சுண்ணாம்புக்கல்லும் ஃப்ளோர்ஸ்பாரும் இரும்புத்தூளும் கலந்தது. சுண்ணாம்புக்கல் தருகிற கரியமில வாயு கொஞ்சமே. ஆர்க் நீண்டால் அந்தக் கொஞ்சத்தையும் விலக்கிக்கொண்டு காற்று உள்ளே நுழையும். உறைந்த வெல்டில் புழு அரித்தாற்போல் துவாரங்கள் விழும். ஆகையால் 7018-ஐ உரசுகிறாற்போல நெருக்கமாகப் பிடி. ஆர்க்கின் நீளம் கம்பியின் கனத்தை மிஞ்சவேண்டாம். குழம்பைவிட்டு வெளியே கொண்டுபோகவே போகாதே. ஒரு ராடின் சாஸ்திரத்தை இன்னொரு ராடின்மேல் சுமத்துவதைப்போல் எனக்குக் கோபமூட்டுவது வேறில்லை.

பூச்சைப் பற்றிப் பேசத் தொடங்கினால் என் பேனா நிற்பதில்லை, பொறுத்துக்கொள். கப்பல்களின் கொதிகலன்களைச் செப்பனிடும் தொழிலில் இருந்தவரும், 1904-இல் எசாப் கம்பெனியை ஸ்தாபித்தவருமான ஸ்வீடன் தேசத்து ஆஸ்கார் கெல்பர்க் என்பவர்தான் வெறுங்கம்பியின்மேல் பூச்சுப் பூசும் யுக்தியை உலகத்துக்குக் கொடுத்தார். நீ தினமும் தொடுகிற 6013 ராடின் பூச்சில் பிரதானமான பண்டம் ரூட்டைல். அது நம் கன்னியாகுமரி ஜில்லாவில் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கிடைக்கிறது. அந்தக் கரையோரத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போன தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்த மணலை ஆராய்ந்து, அதில் மோனசைட் என்ற தாது இருப்பதை ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909-இல் கண்டுபிடித்தார் என்று படித்ததிலிருந்து, கருமணலைக் கண்டால் சற்று நின்று பார்க்காமல் என்னால் போகமுடிவதில்லை. இல்மனைட்டும் ரூட்டைலும் ஸிர்க்கானும் அதே மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படுகின்றன. தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டிய மணலுக்கும் உன் ஹோல்டரில் இருக்கும் ராடுக்கும் உள்ள இந்தச் சம்பந்தத்தை யாரும் உனக்குச் சொல்லமாட்டார்கள், நானாவது சொல்லிவைக்கிறேன்.

கடற்கரையைச் சொன்னதால் நம் ஊர்க் காற்றையும் சொல்லவேண்டியதாகிறது. ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி, அதற்கப்பால் கடல். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும்போது திறந்துவைத்த உப்பு நீராகிவிடுகிறது. திறந்துவைத்த 7018 பெட்டி மட்டும் என்னவாகும்? பூச்சு ஈரத்தைக் குடிக்கும். ஆர்க்கின் உஷ்ணத்தில் அந்த ஈரம் பிரிந்து ஹைட்ரஜனாகி உருகிய இரும்புக்குள் புகும். வெல்டு ஆறிய பிறகு, கனமான பிளேட்டிலும் வலுக்கூடிய உருக்கிலும், பல மணி நேரம் கழித்துக்கூட விரிசல் விடும். அதனால்தான் வலுவான உருக்குகளில் வெல்டு செய்து 48 மணி நேரம் பொறுத்த பிறகே பரிசோதிக்கவேண்டும் என்று விதி வைக்கிறார்கள். லோ ஹைட்ரஜன் என்று பேர் வைத்த ராடை ஈரத்தோடு எரிப்பவன் அந்தப் பேரையே பொய்யாக்குகிறான். பெட்டியில் அச்சிட்ட உஷ்ணநிலையில், பெரும்பாலும் 250 முதல் 350 டிகிரிக்குள், ஓரிரண்டு மணி நேரம் ஓவனில் சுட்டு, பிறகு சூடான பெட்டியிலிருந்து வேண்டியதை மட்டும் எடு. அமெரிக்க விதிகள் சாதாரண 7018 ராடை நான்கு மணி நேரத்துக்குமேல் வெளியில் வைக்க அனுமதிப்பதில்லை. ஒரு பட்டறையில் ராடு சுடும் ஓவனில் சாப்பாட்டு டப்பாவைச் சூடேற்றிக்கொண்டும், ராடுகளை ஜன்னல் விளிம்பில் பரப்பிக்கொண்டும் இருந்ததைப் பார்த்து நான் பேசாமல் திரும்பியதுண்டு. பேசியிருந்தால் கடுமையாகப் பேசியிருப்பேன்.

மேலிருந்து கீழே இழுத்தால் பாதி நேரத்தில் முடிகிறதே என்றும் எழுதியிருக்கிறாய். முடியும்தான், பார்வைக்கு மழமழப்பாகவும் இருக்கும். நெடுந்தூரப் பைப்லைன்களில் செல்லுலோஸ் ராடால் கீழ்நோக்கியே வெல்டு செய்கிறார்கள். அதற்கென்று பழகிய கையும், அதற்கேற்ற ராடும், பரீட்சித்து ஒப்புக்கொண்ட முறையும் அங்கே உண்டு. மெல்லிய தகட்டிலும் அது தகும். ஆனால் 10, 12 மில்லி பிளேட்டில் 6013-ஐயோ 7018-ஐயோ கீழ்நோக்கி இழுத்தால், ஸ்லாக் ஆர்க்குக்கு முன்னால் ஓடிவிடும். அதன்மேல் உலோகம் படிந்து, அடியிலிருக்கும் பிளேட்டைப் பிடிக்காமல் போய்விடும். வெளியில் அழகு, உள்ளே பிளவு. இதற்கு ஒரு கப்பலின் கதை சொல்கிறேன். 1943 ஜனவரி 16-ஆம் தேதி, அமெரிக்காவில் போர்ட்லாண்டுத் துறையில் அசைவற்ற நீரில் நின்றுகொண்டிருந்த ஷெனெக்டடி என்ற புதிய டாங்கர் கப்பல், பெரும் சப்தத்தோடு ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது. அக்காலத்தில் உடைந்த கப்பல்களை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் அம்மையார் கான்ஸ்டன்ஸ் டிப்பர், குளிரில் நொறுங்கும் தன்மையுள்ள உருக்குதான் பிரதான காரணம் என்று நிரூபித்தார். ஆனால் விரிசல் தொடங்குவதற்கு ஓர் இடம் வேண்டுமே. பிடிக்காத வெல்டின் முனை அதற்குத் தாராளமாகப் போதும்.

ஆம்பியரில் பேராசை வேண்டாம். 3.15 மில்லி ராடுக்குப் படுக்கையில் 125 வைத்தால் வெர்டிகலில் 100 முதல் 110-க்குள் பார். ராடு பிளேட்டுக்கு நேராகவோ, நுனி சற்றே மேல்நோக்கியோ இருக்கட்டும். ஆட்டத்தின் அகலம் கம்பியின் கனத்தைப்போல் மும்மடங்குக்கு மேல் போகவேண்டாம். அதற்குமேல் அகலம் வேண்டுமானால் பக்கத்தில் இன்னொரு ரன் போடு. கேபிளைத் தோளின்மேல் போட்டுக்கொண்டு, முழங்கையைத் தூணிலோ உன் விலாவிலோ ஊன்றிக்கொள்; நடுங்குகிற கை பொறுத்து நிற்காது.

மேலேற்றுவதற்கும் கீழிழுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நீயே சோதித்துப் பார். பட்டறையில் எஞ்சும் துண்டுகளிலே இரண்டு டி-ஜாயிண்ட் டேக் போடு. ஒன்றை மேலிருந்து கீழாகவும், மற்றதைக் கீழிருந்து மேலாகவும், ஒருபக்கம் மட்டும் வெல்டு செய். ஆறிய பிறகு வைஸில் இறுக்கி, வெல்டு இல்லாத பக்கத்திலிருந்து சம்மட்டியால் அடித்து, வெல்டின் பக்கமாக மடக்கி உடைத்துப் பார். கீழ்நோக்கி இழுத்ததன் வேரில், பிளேட்டின் பழைய விளிம்பு அழியாமல் நேர்கோடாகத் தெரியும். அதையொட்டி ஸ்லாக் கறுப்பாக ஒட்டியிருக்கும். மேல்நோக்கி ஏற்றியது சரியாக அமைந்திருந்தால் அந்தக் கோடு இராது. உடைந்த இடம் மூலைவரை சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும். அது உடையாமல் பிளேட்டே மடங்கினாலும் ஆச்சரியப்படாதே.

வேரில் இடைவெளி விட்டுப் போடும் ஓப்பன் ரூட்டைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அது தனிச் சாஸ்திரம். அதற்குமுன் உன் ஷீல்டின் வெளிக்கண்ணாடியை மாற்று. 11-ஆம் நம்பர் கறுப்புக் கண்ணாடிக்கு முன்னால் பொறி தெறித்துப் புள்ளி விழுந்த வெள்ளைக் கண்ணாடியை மாதக்கணக்கில் வைத்துக்கொண்டிருந்தால், நான் மேலே சொன்ன கருத்த வளைவு உனக்குத் தெரியப்போவதில்லை. கடையில் அது சொற்ப விலைதான். ஒரு கட்டாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்.

உன் க்ஷேமத்தை விரும்பும்,
ஆசிரியன்